தரையில் தொடங்கித் தண்ணீருக்குள் முடியும் ஒரே ஷொட்: நாவலடியா, பாசிக்குடாவா?

வாவிக்கரையான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து 14 நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கிறோம். காசு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, எங்கள் மூன்று பேருடைய சம்பளத்தில் மிஞ்சினதும் ஒரு மாமா தந்ததும்தான். படத்தில் ஒரே ஒரு ஷொட்தான் எங்களைத் தூங்க விடாமல் வைத்திருக்கிறது.

அது இப்படி. தென்னோலை வாடியின் வாசலில் 12 வயதுப் பொடியன் நிற்கிறான், கமரா அவன் தோள் மட்டத்தில் பின்னால். அவன் ஓடுகிறான். வலை காயப்போட்ட கம்புகளைத் தாண்டி, கரைவலை இழுக்கிற ஆட்களுக்கு நடுவால் புகுந்து, தண்ணீரில் இறங்கி, அம்மப்பாவின் தோணி நிற்கிற இடத்தில் முங்குகிறான். கமராவும் அவனோடு முங்க வேண்டும். கீழே நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனால் நுனியில் நங்கூரம் இல்லை, வீட்டில் காணாமல் போன அம்மிக்கல் கட்டியிருக்கிறது. நங்கூரத்தை அம்மப்பா எப்போதோ விற்றுவிட்டார், வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. எல்லாமாக ஏறத்தாழ 50 செக்கன், இடையில் வெட்டு இல்லை.

கையில் இருப்பது: 10 மீற்றர் வரை தண்ணீர் தாங்கும் கோப்ரோ என்ற சின்னக் கமரா ஒன்று, அதற்கு முன்னால் பூட்டுகிற 6 அங்குல டோம் என்கிற அரைக்கோளக் கண்ணாடி (இணையத்தில் வாங்கியது, இன்னும் பூட்டிப் பார்க்கவில்லை), நண்பனின் மிரர்லெஸ் கமரா, போனை ஆடாமல் பிடிக்கிற ஒரு கிம்பல். மிரர்லெஸ்ஸுக்குத் தண்ணீர் புகாத ஹவுசிங் உறை வாங்க எங்களால் முடியாது.

போன ஞாயிறு மட்டக்களப்பு நாவலடிக் கடலில் கோப்ரோவை மட்டும் வைத்துப் பார்த்தோம். படுதோல்வி. பொடியனின் குதிக்காலில் இருந்து தெறித்த தண்ணீர் முழுக்க லென்ஸில், கரையிலேயே அலை அறைகிறது, முங்கினால் பழுப்பு மணலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நண்பன் வாவியில் எடுப்போம் என்கிறான், கல்லடிப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி. எனக்கு வடக்கே இருக்கிற பாசிக்குடாக் கடற்கரை என்று ஒரு எண்ணம். வெயிலில் நின்று இருட்டான தண்ணீருக்குள் போகும்போது வெளிச்சத்தையும் போகஸையும் என்ன செய்வது என்றும் விளங்கவில்லை. செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


சுழியோடி_பொத்துவில் எழுதியது:

தம்பி, கமராவைக் கொஞ்சம் தள்ளி வை. முதலில் தண்ணீரைக் கதைப்போம்.

நாவலடி சரிவராது. அங்கே கரை சட்டென்று இறங்கும், முழங்கால் தண்ணீரில் நிற்கிறவன் நாலு எட்டு வைத்தால் கழுத்தளவு. அப்படிப்பட்ட கரையில் அலை வந்து கரையிலேயேதான் உடையும், உடைகிற இடத்தில் மணல் கிளம்பிக்கொண்டே இருக்கும். நீ எத்தனை முறை எடுத்தாலும் அந்தப் பழுப்புத்தான். வாவி அசையாமல் கண்ணாடி மாதிரி இருக்கும், மேலே இருந்து பார்த்தால் ஆசையாக இருக்கும், உள்ளே போனால் பாசியும் சேறும், நீட்டின கை தெரியாது. மழை பெய்து வெள்ளம் இறங்கினால் இன்னும் மோசம். முதலை இருக்கிற வாவியில் பிள்ளையை முங்க விடுவது பற்றி நான் வேறு சொல்லத் தேவையில்லை.

பாசிக்குடாதான். ஆனால் அங்கே உனக்கு வேறு ஒரு பிரச்சினை வரும், எல்லாரும் அதை நல்ல குணம் என்றுதான் சொல்வார்கள். நடக்க நடக்க ஆழம் வராது. கரையில் இருந்து எவ்வளவோ தூரம் போனாலும் பெரிய ஆளுக்கு இடுப்பளவுதான். உன் ஷொட்டில் பொடியன் முழங்கால் தண்ணீரில் சளப்சளப் என்று நடந்துகொண்டே இருப்பான், 50 செக்கனில் 30 அதிலேயே போய்விடும், அவ்வளவு நேரமும் லென்ஸில் தண்ணீர் தெறிக்கும். அதற்கு ஒரு வழி இருக்கிறது: பொடியன் தோணியைத் தேடிப் போகாமல் தோணியை அவனிடம் கொண்டு வா. வெறும் தோணி மிதக்க ஒரு முழம் தண்ணீர் போதும். பொடியனுக்கு நெஞ்சளவு வருகிற முதல் இடத்தில் நிறுத்து. கமரா மணலோடு ஒட்டிப் போய் மேலே பார்த்தால் ஒரு மீற்றர் ஆழமும் மூன்று மீற்றர் ஆழமும் பார்க்கிறவனுக்கு ஒன்றுதான். எங்கள் ஆட்கள் சிலர் ஆழம் ஆழம் என்று அலைவார்கள், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மூழ்கின ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கும் கூடின ஆழத்தில்தான் கிடக்கிறது, அங்கே போய் அம்மிக்கல் எடுக்கவா போகிறாய்?

காலம்: ஏப்ரலில் இருந்து செப்டெம்பர் வரை நல்லது. வாடை தொடங்கினால் மறந்துவிடு. கச்சான் என்கிற தென்மேல் காற்று அடிக்கிற நாட்களில் காற்று தரையில் இருந்து கடலுக்குப் போகும், காலையில் கரையோரக் கடல் தகடு போலக் கிடக்கும். அதே காற்று காய்ந்த மணலைக் கிளப்பி உன் டோமில் அடிக்கும், அதையும் நினைவில் வை. பின்னேரம் கடல்காற்று ஏறிவிடும், சிற்றலை வரும். ஞாயிற்றுக்கிழமையும் போயா நாளும் போகாதே, சனம் நிற்க இடமிராது. முருகைக்கல் இருக்கிற பக்கம் கால் வைக்காமல் வெறும் மணல் பக்கமாகப் பார்த்து எடு.


கலியாணவீடு_வீடியோ எழுதியது:

களுவாஞ்சிக்குடியில் இருந்து. பொத்துவில் நானா தண்ணீரைச் சொல்லிவிட்டார், நான் கண்ணாடியைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு சோடிக்குக் கடலுக்குள் படம் எடுத்துத் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டு நன்றாக அடிபட்டுப் படித்தவன் நான், அதனால் கேளுங்கள்.

கோப்ரோவின் முன்கண்ணாடி தட்டையானது. தட்டைக் கண்ணாடியோடு தண்ணீருக்குள் போனால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், பார்வை அகலம் சுருங்கும். வெளியே 90 பாகை தெரிகிற லென்ஸ் உள்ளே 64 பாகை அளவுதான் காட்டும். வெட்டில்லாத ஷொட்டில் இது அசிங்கமாகத் தெரியும், முங்குகிற நொடியில் யாரோ சூம் பண்ணின மாதிரி பொடியன் திடீரென்று கிட்ட வந்துவிடுவான். டோம் போட்டால் அகலம் அப்படியே இருக்கும், ஆகவே டோம் கட்டாயம். அதோடு, பெரிய டோம் என்றால் தண்ணீர் மட்டம் குறுக்கே போகும்போது மெல்லிய கோடாகத் தெரியும், டோம் இல்லாத சின்ன லென்ஸில் அது தடித்த பட்டையாக நிற்கும்.

டோமிடம் ஒரு கள்ளக் குணம் இருக்கிறது. தண்ணீருக்குள் போனதும் அதுவே ஒரு லென்ஸ் மாதிரி வேலை செய்து, தூரத்தில் இருப்பதை எல்லாம் கண்ணாடிக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்து வைத்ததுபோல் கமராவுக்குக் காட்டும். கணக்கு என்னவென்றால் டோமின் ஆரையைப் போல மூன்று மடங்கு. உங்கள் 6 அங்குல டோமுக்கு ஏறத்தாழ 23 சென்ரிமீற்றர். மிரர்லெஸ்ஸில் என்றால் தரையில் தூரத்தில் இருக்கிற போகஸை முங்குகிற நொடியில் ஒரு சாணுக்கு இழுக்க வேண்டும், ஓட்டோபோகஸில் விட்டால் அது தேடிக்கொண்டே நிற்கும். கோப்ரோவுக்குச் சென்சர் சின்னது, போகஸ் அசையாது, அதனால் பெரும்பாலும் தப்பிவிடும், ஓரங்கள் மட்டும் கொஞ்சம் மங்கலாகும். நீங்கள் ஏழைக் கமரா என்று வருத்தப்படுகிறீர்கள், இந்த ஒரு ஷொட்டுக்கு அதுதான் சரியான கமரா.

துளி பற்றிப் பயப்படுகிறீர்கள். உங்கள் ஷொட் தரையில் இருந்து தண்ணீருக்குள் போகிறது, திரும்பி வெளியே வரவில்லை. வெளியே வருகிற ஷொட்டில்தான் துளி பெரிய தலையிடி. உங்களுக்கு முங்கும் வரைக்கும் கண்ணாடி சுத்தமாக இருந்தால் போதும், முங்கினதும் துளி தானாகவே காணாமல் போய்விடும். எனவே தண்ணீருக்குள் கால் வைத்த பிறகு அவனுக்கு நேர் பின்னால் போகாதீர்கள், பக்கவாட்டில் வாருங்கள், அவன் தலை மட்டத்தில். குதிக்காலில் இருந்து தெறிப்பது பின்பக்கம்தான் வரும். இறங்கும்போது டோமைத் தட்டையாகத் தண்ணீரில் அறைந்தால் குமிழி ஒட்டிக்கொள்ளும். கீழ் ஓரம் முதலில் படுகிற மாதிரிச் சரித்து மெதுவாக உள்ளே விடுங்கள், ஒன்றரைச் செக்கன் எடுக்கட்டும்.

வெளிச்சம்: கமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற ஓட்டோவை அணையுங்கள். இல்லாவிட்டால் முங்கினதும் படம் கறுத்து, பிறகு யோசித்து யோசித்து வெளிக்கும். ஒரு மீற்றர் தெளிந்த தண்ணீரில் நீங்கள் இழப்பது ஒன்றரை ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாவது) அளவுதான், வெயில் மணலைக் கொஞ்சம் வெளுப்பாக விட்டு நடுவில் பூட்டினால் இரண்டையும் பிறகு சரிக்கட்டலாம். நிறமும் பகல் வெளிச்சத்துக்குப் பூட்டுங்கள், அந்த ஆழத்தில் சிவப்பு இன்னும் முழுதாகப் போயிராது. ஆனால் வாடிக்குள் இருந்து தொடங்காதீர்கள். ஓலை வாடியின் உள்ளிருட்டுக்கும் மத்தியான மணலுக்கும் உள்ள வித்தியாசம் தண்ணீருக்கு உள்ளே வெளியே உள்ளதைவிடப் பல மடங்கு. வாசலுக்கு வெளியே நிறுத்துங்கள்.

இன்னொன்று, எங்கள் கடல் கிழக்குக் கடல். விடியற்காலையில் கடலைப் பார்த்து ஓடினால் சூரியன் நேர் முன்னால், டோமில் உங்கள் கமராவே தெரியும். அந்தச் சாய்ந்த வெயில் தண்ணீரின் மேலேயே சறுக்கிப் போய்விடும், உள்ளே இறங்காது. மத்தியானம் கழிந்தால் காற்று. ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் இருக்கிறது, அதற்குள் முடியுங்கள்.


வாவிக்கரையான் எழுதியது:

நன்றி நானா, நன்றி அண்ணன். இவ்வளவு விளக்கமாக யாரும் சொல்வார்கள் என்று நினைக்கவில்லை.

இன்று பின்னேரம் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் டோமைப் பூட்டிப் பார்த்தோம். அண்ணன் சொன்ன மாதிரியே பொருள்கள் பெரிதாகவில்லை, அது சரி. ஆனால் கை விட்டதும் கமரா மேலே பாய்ந்து வருகிறது, அமத்திப் பிடிக்கவே ஒரு கை வேண்டும். மற்றது, போனில் படம் பார்த்துக்கொண்டு எடுக்கலாம் என்று நினைத்தோம், டோம் முங்கின உடனேயே போன் திரை உறைந்து நின்றுவிட்டது. போன் பழுதா, கமரா பழுதா?


கலியாணவீடு_வீடியோ எழுதியது:

ஒன்றும் பழுதில்லை. வைஃபை அலை தண்ணீரைத் தாண்டாது, உப்புத் தண்ணீரில் இன்னும் மோசம். முங்கின பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு எடுப்பதுதான். அதனால் தரையிலேயே எண்ணிப் பழகுங்கள், வாய்விட்டு.

பாய்வது டோமுக்குள் இருக்கிற காற்று. 6 அங்குல அரைக்கோளத்துக்குள் ஏறத்தாழ 900 மில்லிலீற்றர் காற்று, ஆகவே கிட்டத்தட்ட 900 கிராம் மேலே தள்ளும். வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு கேளுங்கள், கரைவலைக்காரரிடமே இருக்கும். கமரா பூட்டின பலகையின் அடியில் சிறிது சிறிதாகக் கட்டி, தொட்டியில் விட்டால் தானாக மிகவும் மெதுவாகக் கீழே போகிற அளவில் நிறுத்துங்கள். ஆனால் தரையில் ஓடுகிறவன் அந்தப் பாரத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டுதான் ஓட வேண்டும், அது கை நடுக்கத்துக்கு நல்லதும்கூட. கிம்பலை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.


கத்தரிக்கோல்_கல்முனை எழுதியது:

தம்பி, படத்தொகுப்பு செய்கிற ஆள் நான், எனவே என் கேள்வி வேறு. ஏன் வெட்டக் கூடாது?

முங்குகிற நேரம் திரை முழுக்க நுரை வரும், நாலைந்து ஃபிரேமுக்கு ஒன்றும் தெரியாது. அந்த நுரைக்குள் வெட்டி, தரை ஒரு நாள், தண்ணீர் இன்னொரு நாள், வேறு வெளிச்சம், வேறு கமரா என்று நிம்மதியாக எடுக்கலாம். தரைக்கு நண்பனின் நல்ல கமராவையே பாவிக்கலாம். பார்க்கிற 100 பேரில் 98 பேர் கண்டுபிடிக்க மாட்டார்கள், மிச்ச இரண்டு பேர் எங்களைப் போன்ற ஆட்கள், எங்களைக் கணக்கில் எடுக்காதே. ஒரே ஷொட்டில் செய்தோம் என்று பிறகு முகநூலில் சொல்வதற்காகவே எடுக்கிற ஷொட்கள் கனக்கப் பார்த்துவிட்டேன், அதனால்தான் கேட்கிறேன்.

செய்ய முடியாது என்று சொல்லவில்லை. 1964இல் மிகயில் கலத்தோசொவ் கியூபாவில் எடுத்த ‘சோய் கூபா’ படத்தில் கமரா ஹோட்டல் மொட்டைமாடியில் தொடங்கி, மாடி மாடியாக இறங்கி, நீச்சல்குளத்துக்குள் போய் முடியும், ஒளிப்பதிவு செர்கே உருசெவ்ஸ்கி. அந்தக் காலத்துப் பிலிம் கமராவில். ஆனால் அவர்களுக்குப் பின்னால் ஒரு அரசாங்கம் நின்றது, உனக்குப் பின்னால் ஒரு மாமா நிற்கிறார்.

எதைச் செய்தாலும் சத்தத்தைத் தனியாக எடு. கமராவின் மைக்கில் வருவது ஒன்றுக்கும் உதவாது. கரைவலைக்காரரின் அம்பாப் பாட்டை அவர்கள் உண்மையிலேயே இழுக்கிற வேளையில், கேட்டு அனுமதி வாங்கிப் பதிவு செய். முங்கினதும் அந்தப் பாட்டு சட்டென்று அடைத்துப்போக வேண்டும், முழுதாக நிற்கக் கூடாது. தண்ணீருக்குள் இருந்தால் கரையில் கதைப்பது எப்படிக் கேட்கும் என்று உனக்குத் தெரியும்தானே, அப்படி.


வாவிக்கரையான் எழுதியது:

அக்கா, நியாயமான கேள்வி. நேற்று இரவு முழுக்க யோசித்தேன். நான் வெட்டு வேண்டாம் என்பது அந்த அம்மிக்காக. வீட்டு முற்றத்தில் அம்மி இருந்த இடத்தில் ஒரு சதுரக் குழி மட்டும் இருப்பதை முதல் ஷொட்டிலேயே காட்டிவிட்டோம். அது உண்மையிலேயே இதே கரையில், இதே நேரத்தில், இந்தப் பாட்டுக் கேட்கிற தூரத்தில்தான் கிடக்கிறது என்று பொடியனோடு சேர்ந்து பார்க்கிறவருக்கும் தெரிய வேண்டும். வெட்டினால் அது எங்கேயோ ஒரு தொட்டியில் வைத்து எடுத்த அம்மி ஆகிவிடும் என்று எனக்கு ஒரு பயம். முகநூல் ஆசை கொஞ்சமும் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

சரி, மூன்று முறை முயல்வோம், வராவிட்டால் நுரைக்குள் வெட்டு. பொருத்தமா?


கத்தரிக்கோல்_கல்முனை எழுதியது:

பொருத்தம். அம்மிக் குழி நல்லாயிருக்கிறது.


சுழியோடி_பொத்துவில் எழுதியது:

ஒன்று மறந்துவிட்டேன், இதுதான் முக்கியம். பொடியன் முங்குவதற்கு முன் நிறைய மூச்சு வாங்க வேண்டும் என்று யாராவது அவனிடம் வேகமாக இழுத்து இழுத்து விடச் சொல்வார்கள். சொல்ல விடாதே. அப்படிச் செய்தால் மூச்சு முட்டுகிற உணர்வு பிந்தித்தான் வரும், அதற்குள் மயக்கம் வந்துவிடும், நெஞ்சளவுத் தண்ணீரிலும் வரும். சாதாரணமாக ஒரு மூச்சு, பத்துச் செக்கன், மேலே வா. ஓடி வந்து களைத்த பிள்ளைக்குப் பத்துச் செக்கனே கூட.

கமரா பிடிக்காத, வசனம் பார்க்காத, வேறு எந்த வேலையும் இல்லாத ஒரு பெரிய ஆள் தோணிக்கு மற்றப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவருடைய வேலை பொடியனைப் பார்ப்பது மட்டும். கமராவையும் ஒருவனே கொண்டு போகாதே. தரையில் ஓடுகிறவன் இடது கைப்பிடியைப் பிடிக்கட்டும், தண்ணீரில் நிற்கிறவன் வலதைப் பிடித்து வாங்கட்டும். வாங்குகிறவன் ஏற்கெனவே முழங்காலில் குந்தி இருக்க வேண்டும், வாங்கின பிறகு குந்தினால் படம் குலுங்கும்.


வாவிக்கரையான் எழுதியது:

எடுத்துவிட்டோம், புதன்கிழமை காலை. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் டேக்: கமராவைத் தோளில் தொங்கவிட்டபடி வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்றிருந்தோம், தண்ணீருக்குள் போனதும் டோமின் உள்பக்கம் ஆவி படிந்து பால் போல ஆகிவிட்டது. சப்பாத்துப் பெட்டியில் வருகிற அந்தச் சிலிக்கா பொட்டலம் இரண்டை உள்ளே வைத்து, நிழலில் ஈரத் துணி சுற்றி வைத்தோம், பிறகு வரவில்லை. இரண்டாவது: கைமாற்றும்போது இரண்டு பேரும் ஒரே கைப்பிடியைப் பிடித்தோம், ஒரு மாதம் பழகியும். கரைவலை அண்ணன்மார் பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

மூன்றாவது வந்தது. நுரை கொஞ்சம்தான், தண்ணீர்க் கோடு மெல்லியதாக மேலே ஏறிப் போகிறது, கயிறு தெரிகிறது. ஆனால் ஒன்று. அம்மிக்கு நங்கூரம் மாதிரிக் கொளுவி இல்லைதானே, கச்சான் தோணியைத் தள்ளத் தள்ள அம்மி மணலில் இழுபட்டு நகர்கிறது. நாங்கள் திட்டமிட்டது அசையாமல் கிடக்கிற அம்மி. படத்தில் அது மெதுவாக ஊர்ந்து, பின்னால் மணலில் ஒரு கோடு போட்டுக்கொண்டு போகிறது. பொடியனும் நடிக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், நாலு செக்கன். நண்பன் திரும்ப எடுக்க வேண்டும் என்கிறான், கதைப்படி தோணி எங்கேயும் போகாமல் நிற்க வேண்டும் என்பது அவனுடைய வாதம். எனக்கு மனம் வரவில்லை.


கத்தரிக்கோல்_கல்முனை எழுதியது:

திரும்ப எடுக்கிறதென்றால் முதலில் என்னைக் கேள். வீடியோக் கோப்பை இன்றிரவே அனுப்பு, அந்த நாலு செக்கனையும் வெட்டாமல். ஈயக்குண்டின் நிழல் மணலில் விழுந்திருக்கிறதா என்றும் ஒருக்கால் பார்.